ஆம் என்று கத்திவிட்டு எழாதவர்

அம்புரோஸ் லக்ஸ்டன் கடைசியாகப் போன பாராளுமன்றத்தில் ஒரு நாள்கூட உட்காரவில்லை. காலை ஜெபம் முடிந்ததிலிருந்து சபை கலையும்வரை கதவோரமாக நின்றே இருந்தார். ஐம்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. மூலநோய் என்று லண்டன்காரர்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். எங்கள் கடற்கரை ஊர் ட்ரெவானிக்கில் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்குக் காரணம் தெரியும்.

அவர் தொழில் பார்லியை முளைக்கவைத்துக் காயவைத்து, பீர் காய்ச்சுகிறவர்களுக்கு விற்பது. நல்ல மனிதர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். லண்டனுக்குப் போக எட்டு நாள், வர எட்டு நாள். அந்தச் சேற்றில் யார் அலைவது என்று ஊரே ஒதுங்கியபோது, சரி நான் போகிறேன் என்று தலையைக் கொடுத்தவர். பதினோரு வருடங்களாக எங்களுக்கு அவர்தான் உறுப்பினர். இந்த விஷயம் நடக்கும்வரை, அத்தனை வருடத்தில் சபையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நம்ம ஆளு அவ்வளவு தூரம் போயி நல்லாக் கேட்டுக்கிட்டு வர்றாரு" என்று கடற்கரையில் கேலி செய்வோம். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. நானும் அப்படிச் சொன்னவன்தான்.

என் தங்கை வில்மட்டின் புருஷன் கிடியன் ஹாக்கின் சேணம் தைப்பவன். நல்ல கை, கெட்ட வாய். ஒரு ஜனவரி மாதம், லண்டனில் ஒரு பிரபு வீட்டுக்குச் சேணம் கொடுக்கப் போனவன், வெஸ்ட்மின்ஸ்டர் படித்துறைப் பக்கம் ஒரு பீர்க்கடையில் உட்கார்ந்து, "உள்ள இருக்கிற நானூறு பேருக்கும் சேத்து முதுகெலும்பு ஒண்ணே ஒண்ணுதான். அதையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிறாங்க" என்று சொல்லியிருக்கிறான். பக்கத்து மேசைக்காரன் சபையில் போய் ஓதிவிட்டான். சபையை அவமதித்ததாக இழுத்துப்போய், சபை வாசலில் குற்றவாளியை நிறுத்தும் குறுக்குக் கட்டைக்கு முன்னால் மண்டியிடவைத்து, மறு உத்தரவு வரும்வரை சிறை என்று தள்ளிவிட்டார்கள். மறு உத்தரவு சபைதான் போட வேண்டும். இல்லையென்றால் கூட்டத்தொடர் முடிந்தால்தான் வெளியே வரலாம்.

வீட்டில் அவர்கள் மகள் தாமசின், ஒன்பது வயது, நெஞ்சுச் சளியில் கிடந்தாள். "அப்பாவக் கூட்டிட்டு வாம்மா" என்று அவள்தான் வில்மட்டை அனுப்பினாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மார்ச் மாதத்தில் நானும் தங்கையும் மூட்டை ஏற்றும் வண்டியில் லண்டன் போனோம். லக்ஸ்டன் எங்களைப் பார்த்ததும் கண் கலங்கினார். மன்னிப்பு மனுவை அவரே எழுதி, ஒரு வாரம் அலைந்து, நாள் வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று நடந்தது இது. உள்ளே நடந்ததை அவரே பிறகு சொன்னார்.

அந்தச் சபை ஒரு பழைய சின்னக் கோயில். வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் பலகையில் இடம் இருக்கும். விடிவதற்குள் வந்து ஜெபத்தில் நின்றவனுக்கு இடம், பிந்தினவனுக்குத் தூண். அன்று லக்ஸ்டன் இருட்டிலேயே போய், சபாநாயகர் நாற்காலிக்குப் பக்கத்தில், காற்று படாத மூலையில் அருமையான இடம் பிடித்திருந்தார். கிடியன் விஷயம் முடிந்த கையோடு எங்கள் ஊர் மத்தி மீன் மசோதா வருவதாக இருந்தது. மத்திக் கூட்டம் வரும்போது மேட்டில் ஒருவன் நின்று பார்த்துக் கூவினால்தான் படகுகளுக்குத் திசை தெரியும். நிலக்காரர்கள் அவனை மேட்டில் ஏறவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கச் சட்டம். அதற்காக லக்ஸ்டன் முதன்முதலாகப் பேசப் போகிறார். மூன்று வாரமாகத் தங்கியிருந்த விடுதிச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகியிருந்தார்.

கிடியனை விடுதலை செய்யலாமா என்று சபாநாயகர் கேட்டார். "ஆம்" என்று கத்தியதில் லக்ஸ்டன் குரல்தான் பெரிது என்று பக்கத்தில் இருந்தவரே சொன்னாராம். "இல்லை"யும் அதே அளவுக்குக் கேட்டது. அப்படியானால் தலையை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆம் என்பவர்கள் எழுந்து வெளியே போக வேண்டும். இல்லை என்பவர்கள் இருந்த இடத்தில் இருந்தால் போதும். உள்ளே இருப்பவன் தூங்கிக்கொண்டிருந்தாலும் இல்லை என்றுதான் கணக்கு. வெளியே போய்த் திரும்புகிறவனுக்கு இடம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

லக்ஸ்டன் எழுந்திருக்கப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சர் பெரிக்ரின் ஹால்ஸ், அவர் மேலங்கியைப் பிடித்து இழுத்தார்.

"எங்க ஓய் கிளம்பிட்டீரு?"

"எங்க ஊர்ப் பையன் விஷயம். போகணும்."

"அங்க பாரும், மந்தை மந்தையாப் போறாங்க. உம்ம பையன் வெளிய வந்தாச்சுன்னே வச்சுக்கும். நீரு எந்திரிச்சா தூணோரம் நிக்கிற அந்தக் கென்ட் ஊரு ஆளு சடக்குன்னு உக்காந்துருவான். அப்புறம் உம்ம மீன் கதையத் தூணுக்குப் பின்னாடி நின்னு சொல்லும். எவன் கேப்பான்?"

லக்ஸ்டன் பார்த்தார். நிஜமாகவே கூட்டமாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். தான் ஒருவன் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியதாம். சர் பெரிக்ரின் சோம்பு மிட்டாய்ப் பெட்டியை நீட்டினார். இவர் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது.

வெளியே, படி மேலே, நானும் வில்மட்டும் நின்றுகொண்டிருந்தோம். கதவு திறந்து ஆட்கள் வரவர, ஒவ்வொரு முகமாக அவள் பார்த்தாள். எல்லாரும் எங்களுக்காக வருகிறவர்கள் என்று வாயிற்காவலன் சொல்லியிருந்தான். அவள் ஒவ்வொருவருக்கும் தலை குனிந்தாள். "நம்மவர எங்கண்ணே காணோம்?" என்று ஒரு தடவை கேட்டாள். "வருவாருடி, உடம்புக்காரரு, மெதுவா வருவாரு" என்றேன்.

வெளியே போனவர்கள் எழுபத்தொன்று. உள்ளே இருந்தவர்கள் எழுபத்திரண்டு.

லக்ஸ்டன் ஒருவர் எழுந்து நடந்திருந்தால் அது அப்படியே தலைகீழாகியிருக்கும். உள்ளே இருந்தவர்களில் அந்தக் கணக்கு அவருக்குத்தான் முதலில் புரிந்தது. மிட்டாய் இன்னும் வாயில் கரையவில்லையாம். அந்த நிமிடமே, நான் தப்பாக உட்கார்ந்துவிட்டேன் என்று எழுந்து கத்தியிருக்கலாம். மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார். அடுத்து மத்தி மசோதாவைக் கூப்பிட்டார்கள். மனிதர் எழுந்து பேசினார். நன்றாகப் பேசினார். சபை காது கொடுத்துக் கேட்டது. சர் பெரிக்ரின் தொடையில் தட்டிப் பாராட்டினார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது.

சபை கலைந்து படியிறங்கி வந்த லக்ஸ்டன் முன்னால் வில்மட் போய் நின்றாள்.

"உங்க முகத்தப் பாக்கல ஐயா. கண்ணு நிறைஞ்சு போச்சு, ஒண்ணுமே தெரியல. எங்களுக்காக எவ்வளவு செஞ்சீங்க!"

"கடைசியா வந்தேம்மா" என்றார் லக்ஸ்டன்.

அவள் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

தாமசின் ஏப்ரல் கடைசியில் போய்விட்டாள். முடிவு வரைக்கும் வாசலைப் பார்த்துத்தான் படுப்பேன் என்று அடம். கூட்டத்தொடர் ஜூனில் முடிந்து கிடியன் வந்தான். சிறைக்காய்ச்சலில் பாதியாகியிருந்தான். வந்ததும் மகள் குழியைப் போய்ப் பார்த்தான். அந்த ஆகஸ்டில் லக்ஸ்டனுக்கு நன்றிக்கடனாக ஒரு சேணம் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். அதை அவர் வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் குதிரைமேல் போடவில்லை.

அக்டோபரில் புதிய பாராளுமன்றத்துக்கு ஆளை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஊர் மண்டபத்தில் கூடினோம். லக்ஸ்டன் எழுந்து, எல்லாவற்றையும் சொன்னார். மிட்டாயைக்கூட விடவில்லை. முதலில் சிரித்தார்கள். அடக்கத்தைப் பார் என்றான் ஒருவன். அவர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"கடைசியா வந்தேன்னு சொன்னது பொய்யி! நான் வரவே இல்ல. நான்தான் அந்த எழுபத்திரண்டாவது ஆளு."

சிரிப்பு நின்றது. பெண்களோடு கதவருகே நின்ற வில்மட், கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் ஐயா எந்திரிக்கல?"

"நல்ல இடம்மா. எந்திரிச்சாப் போயிடும்னு..."

"இடமா?"

"ஆமா தாயி. இடம்."

 கிடியன் சுவரைப் பிடித்தபடி நடந்து வெளியே போனான். அந்த வாய்க்காரன் ஒரு வார்த்தையாவது திட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

 பிறகு, "தப்புதான். ஆனா மத்திச் சட்டம் வந்தது அவரு பேச்சாலதானப்பா" என்றான் ஒருவன். "இந்த வருஷம் மேட்டுல நம்ம ஆள எவனும் விரட்டலயே" என்றான் இன்னொருவன். "அவர விட்டா யாரு போறது? நீ போறியா?" "எனக்கு வலை வேலை கிடக்கு." லக்ஸ்டன், "வேணாம், என்னைய அனுப்பாதீங்க" என்று கெஞ்சினார். ஊரா கேட்கும்? கை தூக்குங்கள் என்று நகரத் தலைவர் சொல்லிவிட்டார்.

எனக்கு மூன்று படகு. அந்த வருடம் போல மத்தி என் வாழ்நாளில் பட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். மண்டபம் முழுக்கக் கைகள். நான் ஒருவன் தூக்காவிட்டால் என்ன மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன். தூக்கினேன்.

வில்மட் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். எண்ணி முடிக்கும்வரை இறக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அவ்வளவு நேரமும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.