நடுவில் வைத்த பெட்டி

நான் முதன்முதலில் ஆசிரியையாகக் கடமையேற்கப் போனது மோட்டார் சைக்கிளில்தான். அக்காவின் கணவருக்குப் பின்னால், சேலையோடு ஒரு பக்கமாகக் குந்திக்கொண்டு போனேன். இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அறுபதுகளில் புதுக்குடியிருப்பில் அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துவிட்டு, அடுத்த வேலிக்குப் போய்ச் சொன்னார்கள்.

நியமனக் கடிதம் என் பழைய விலாசத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றிச் சுழன்று, ஒரு சனிக்கிழமை மத்தியானம் கைக்கு வந்தது. திங்கட்கிழமை மூன்றாந் தவணை தொடங்குகிறது. அன்றைக்கே நுவரெலியாவுக்குப் போகும் வழியில் ஒரு மலைநாட்டுப் பாடசாலையில் கடமையேற்க வேண்டும், தவறினால் நியமனம் ரத்து. அந்தக் கிழமை பார்த்து ரயில்காரர் வேலைநிறுத்தம். ரயிலில் போகவேண்டிய சனமெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனது. மாங்குளத்தில் பஸ் நிற்பாட்டாமலே போகிறது என்று, போய்த் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். ஐயா, எங்கள் தகப்பன், இல்லாத வீடு. அத்தானின் சம்பளத்தில்தான் எல்லோரும் சாப்பிட்டோம். அந்த வேலையைக் கைவிட எங்களுக்கு வழியில்லை.

அத்தான் என்றால் எங்கள் பக்கத்தில் அக்காவின் புருஷன். அவர் குளங்களை மேற்பார்வை பார்க்கும் ஓவசியர். குளக்கட்டுகளில் ஓடித் திரிய ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். ஆள் பெரிய உருவம், கதை குறைவு. எங்களோடு ஒரே வீட்டில் இருந்தும், அவருக்கும் எனக்கும் பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. “தேத்தண்ணி வைச்சிருக்கு அத்தான்” என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்வேன். “ம்” என்பார். அம்மாவுக்கு அதுவுமில்லை. மாமியார் மருமகனோடு நேரே கதைப்பது எங்கள் வீட்டில் இல்லாத பழக்கம். அவருக்குச் சொல்லவேண்டியதை, அவர் முற்றத்தில் நிற்கும்போது, அம்மா என்னைப் பார்த்துச் சொல்லுவா.

அன்று பின்னேரம் அத்தான் வேலியைப் பார்த்துக்கொண்டு, “நான் கொண்டுபோய் விடுறன்” என்றார். அக்கா பிள்ளை பெற்று முப்பத்தொரு நாள் துடக்குக் கழியவில்லை. அறைக்குள் படுத்திருந்தாள். அம்மா கனநேரம் யோசித்தா. பிறகு என் பக்கம் திரும்பினா.

“பிள்ளை, பெட்டியை நடுவில வைச்சுக் கட்டச் சொல்லு.”

அத்தானுக்கு அது நன்றாகவே கேட்டது. பெட்டியை நடுவில் நிமிர்த்தி வைத்து ஆளைப் பின்னால் கரியரில் ஏற்றினால், ஏற்றத்தில் பின்பாரம் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் மாமியாருக்கு மறுபேச்சுப் பேசுகிற மருமகன் என்ற பேரை எடுக்க அவர் தயாராக இல்லை. ஞாயிறு விடிய, என் தோல்பெட்டியை இருக்கையில் செங்குத்தாக நிறுத்திக் கயிற்றால் கட்டினார். கரியரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டார். நான் ஏறிப் பெட்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் முகம் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது.

செப்டெம்பர் மாதம் வன்னியில் மழையைக் கண்ணாலும் காண முடியாது. குளங்கள் வற்றி, தரை வெடித்துக் கிடந்தது. ஒட்டுசுட்டான் வீதியில் இரண்டு பக்கமும் காடு, காட்டின் இலையெல்லாம் புழுதி. எதிரே ஒரு லொறி வந்தால், அது போன பிறகும் கனநேரம் முன்னால் ஒன்றும் தெரியாது. காற்று அனலாக அடித்தது. நான் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். புழுதியால் மட்டுமல்ல. யாராவது என்னைப் பார்ப்பார்கள் என்ற பயத்திலும்தான். கண்ணை மூடினால் ஊருக்கு நான் தெரியமாட்டேன் என்று நினைத்திருக்கிறேன் போல. படித்த பெண்ணின் புத்தி அவ்வளவுதான்.

மாங்குளம் வருமுன் அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

“அத்தான், நிப்பாட்டுங்கோ. சந்தியில சனம் நிக்கும். நான் நடந்து வாறன், நீங்கள் முன்னுக்குப் போய் நில்லுங்கோ.”

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் தெரிந்ததோ ஆறுதல். என்னை இறக்கிவிட்டு, விட்டால் போதுமென்று பறந்தார்.

வவுனியாவிலும் அப்படியே செய்தோம். கடைத்தெரு முழுவதையும் நான் நடந்தேன். முகமெல்லாம் செம்மண், தலையில் துவாய், கசங்கிய புதுச் சேலை, பக்கத்தில் ஒரு துணையுமில்லை. ஒரு கடைக்காரர் இறங்கியே வந்துவிட்டார். “என்ன பிள்ளை நடந்தது? ஆரும் அடிச்சவங்களோ?” என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பேசாமல் சைக்கிளில் இருந்திருந்தால் ஒரு நொடியில் கடந்திருப்போம், ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். தெரு முடியும் அந்தலையில் அத்தான் ஒரு மரத்தின் கீழ் நின்று, சைக்கிள் சில்லில் இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார்.

மதவாச்சிக்கு அப்பால் எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. தெரியாத சனத்துக்கு முன்னால் எனக்கு வெட்கம் பாதிதான். பொழுதுபடும் நேரம் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தானுக்குப் பழக்கமான ஒரு வெங்காய வியாபாரியின் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வியாபாரியின் மனைவி அன்பான பெண். வெந்நீர் வைத்துத் தந்தா, சோறு போட்டா. பிறகு முன்னறையில் ஒரு பாயை விரித்து, அதில் இரண்டு தலையணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா.

அத்தான் அந்தத் தலையணைகளைப் பார்த்தார். “மோட்டச்சைக்கிளைக் கள்ளர் கொண்டுபோடுவாங்கள்” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனவர், வீட்டோடு சேர்ந்த கடை விறாந்தையில் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் படுத்துவிட்டார். அந்த மனுஷி என் பக்கத்தில் வந்திருந்து, “ரெண்டு பேருக்கும் ஏதும் சண்டையா?” என்று மெதுவாகக் கேட்டா. நான் விளக்கம் சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன். புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வருவது சகஜம், விட்டுக்கொடுத்துப் போகவேண்டும் என்று அவ கனநேரம் எனக்குப் புத்தி சொன்னா. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

விடியமுன் புறப்பட்டோம். கண்டி, கம்பளை எல்லாம் தாண்டி ஏற்றம் தொடங்கியபோது மழை தூறியது. குளிர் என்றால் எனக்கு, மார்கழி விடியலில் கிணற்றடியில் நிற்கும்போது வருவதுதான் தெரியும். இது வேறு. நனைந்த சேலைக்குள்ளால் புகுந்து எலும்பைத் தேடியது. றம்பொடைப் பக்கம் வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பெட்டி என் பக்கம் சாய்ந்தது. நனைந்த கயிறு இளகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவேண்டும் என்றும் தெரிந்தது. சொன்னால் என்ன செய்யச் சொல்வார்? தன்னைப் பிடிக்கச் சொல்வார். அதனால் சொல்லவில்லை.

அடுத்த செங்குத்தான வளைவில் பெட்டியும் நானும் ஒன்றாகப் பின்னால் சரிந்தோம். நல்லகாலம், ஏற்றத்தில் சைக்கிள் ஆமை வேகத்தில்தான் போனது. வீதியோரப் புல்லில் விழுந்தேன். முழங்கை உரஞ்சியது, பெட்டி என் மடியில் கிடந்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், அத்தான் போய்க்கொண்டிருக்கிறார். மழைச் சத்தமும் இயந்திரச் சத்தமும் மட்டுமே கேட்ட மனுஷன், பாரம் குறைந்ததை ஏற்றம் குறைந்ததாக எண்ணியிருக்க வேண்டும்.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். “அத்தான்” என்று உரத்துக் கூப்பிட எனக்கு வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிப் பழகிய வார்த்தை, அந்த மலைக்கு அது போதவில்லை. பக்கத்து மலைச்சரிவில் தேயிலைக்குள் நின்று கொழுந்து பறித்த பெண்கள்தான் எனக்காகக் குரல் கொடுத்தார்கள்.

“ஐயா! ஏ ஐயா! நில்லுங்க! ஒங்க சம்சாரம் இங்க கெடக்குது!”

மலை முழுக்க அந்தச் சம்சாரம் எதிரொலித்தது. மேலே இரண்டு வளைவுகள் தாண்டி இயந்திரச் சத்தம் நின்றது. திரும்பி வந்த அத்தானின் முகத்தில் இரத்தமே இல்லை. சைக்கிளை ஒரு கல்லில் சாத்திவிட்டு ஓடி வந்தார். என்னைத் தூக்கக் கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். கொழுந்துக்காரப் பெண்கள்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் மூத்த ஒருத்தி பெட்டியைப் பார்த்தாள், அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“என்னாம்மா நீ, பொட்டியவா புடிச்சுக்கிட்டு வந்த? கட்டுன புருசன புடிக்க என்னா வெக்கம்?”

அத்தான் தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் தேயிலையைப் பார்த்தேன். இவர் என் அக்காவின் புருஷன் என்று அந்த இடத்தில் சொன்னால் அது இன்னும் மோசமாகக் கேட்கும் என்று இருவருக்குமே பட்டிருக்கும். அவர் பெட்டியைத் தன் முன்னால், பெற்றோல் தாங்கியின் மேல் தூக்கி வைத்தார். கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நான் ஏறினேன். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் அவருடைய சேட்டுத் துணியின் நுனியைப் பிடித்தேன். அடுத்த வளைவில் இடுப்பைப் பிடித்தேன். அதற்கடுத்த வளைவில் இரண்டு கையையும் கோத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவருடைய முதுகில் முகத்தைப் புதைத்து அழுதேன். குளிர், பயம், வெட்கம், எது எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது இடைவேளை. பிள்ளைகள் எல்லோரும் முற்றத்தில். மோட்டார் சைக்கிளைக் கண்டதும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். தலைமை ஆசிரியை குடையோடு படியில் வந்து நின்றா. அத்தான் இயந்திரத்தை நிறுத்தினார்.

“தங்கச்சி, வந்திட்டம். விடும்.”

“விடுறன் அத்தான்,” என்றேன்.

விட முடியவில்லை. விரல்கள் விறைத்துப் பூட்டிக்கொண்டுவிட்டன. விடு விடு என்று மனம் சொல்கிறது, கை கேட்கவில்லை. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். நாளை நான் படிப்பிக்கப் போகும் பிள்ளைகள். அத்தான் குனிந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார், குழந்தை இறுக்கிப் பிடித்த பொருளை வாங்குவதுபோல. அவருடைய காதுகள் சிவந்து போயிருந்தன. அந்த நேரத்தில் செத்துப்போனால் நல்லது என்று நான் மனதார நினைத்தேன்.

“இவர் யார்?” என்று தலைமை ஆசிரியை கேட்டா.

“அக்காவின் கணவர்,” என்றேன் பல்லடிக்க.

“அப்படியா,” என்றா. அவவின் கண் என் கையில் இருந்தது. பிறகு தன் சால்வையை எடுத்து என்மேல் போட்டு, “உள்ளே வாங்க. முதலில் கையெழுத்தைப் போடுங்க,” என்று கூட்டிப்போனா. வேலை பறிபோகாமல் தப்பியது. கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது பெட்டி படியில் இருந்தது, அத்தான் போய்விட்டிருந்தார். ஒரு தேத்தண்ணீர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்ட மனுஷனுக்கு, கவனமாகப் போங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இன்றைக்கும் கூசுகிறது.

அந்தத் தவணை முழுக்க நான் வெட்கத்தோடு வாழ்ந்தேன். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் கதை நிற்பதுபோலத் தோன்றும். அது பரவாயில்லை. அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என்னைத் தின்றது. நான் ஒரு பிழையும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் புருஷனைக் கட்டிப்பிடித்து அழுதது நான்தானே. கடிதம் எழுத உட்கார்வேன், சுகம் விசாரித்துவிட்டு மூடிவிடுவேன்.

மார்கழி விடுமுறைக்கு ரயிலில் வந்தேன். குசினி அடுப்படியில் அக்கா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தாள். யன்னலுக்கு வெளியே அத்தான் குந்தியிருந்து மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

“நீ மலையில விழுந்தனியாம். உந்தப் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டே போனனீ?”

நான் தலையை ஆட்டினேன்.

“நான் அண்டைக்கு விடியவே இவருக்குச் சொல்லித்தானே விட்டனான். அம்மா சொல்லுறதைச் சொல்லட்டும், வீதியில ஏறினவுடன பெட்டியைப் பின்னுக்குக் கட்டிப்போட்டு, தங்கச்சியை உங்களை வடிவாப் பிடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ எண்டு. ஏன், இவர் உனக்குச் சொல்லேல்லையோ?”

வெளியே துணியின் சத்தம் நின்றுவிட்டது. அத்தானின் முதுகுதான் தெரிந்தது. நான் கண்ணீர் விட்டு நனைத்த அதே முதுகு. புதுக்குடியிருப்பிலிருந்து றம்பொடை வரை அந்த மனுஷன் அந்த ஒரு வசனத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைப் பிடியும் என்று மச்சாளான என்னிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

“சொன்னவர், அக்கா,” என்றேன். “நான்தான் கேக்கேல்லை.”

அக்கா என்னை ஏசத் தொடங்கினாள். படிச்சு என்ன பிரயோசனம், உன்ர வெட்கத்தால இந்த மனுஷனுக்கு எவ்வளவு கெட்ட பேர் வந்திருக்கும், நீ செத்துக்கித்துப் போயிருந்தால் அவர் எங்கட முகத்தில எப்படி முழிக்கிறது என்று பிள்ளை பயந்து அழுமட்டும் பேசினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். வெளியே அத்தான் இன்னும் துடைக்கத் தொடங்கவில்லை.