மூன்று நகல்களில் ஒரு முறையீடு

அடக்கப் பூசையில் சாமியார், "ரெமிஜியஸ் தம் வாழ்நாளில் எதற்கும் குறை சொன்னவரல்ல" என்றார். முன் பெஞ்சில் இருந்த அவர் மனைவி பியாட்ரிஸுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவை. அதுவும் எழுத்தில், மூன்று நகல்களில்.

ரெமிஜியஸ் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீடு. சோற்றில் கல் கடிபட்டால், "பல்லு இன்னும் கெட்டியாத்தான் இருக்குது" என்று சந்தோஷப்படுவார். பஸ் நிற்காமல் போனால், நடக்கக் கால் கொடுத்த சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டே நடப்பார். இப்படிப்பட்ட மனிதரோடு சண்டை போடுவது பாசி பிடித்த பாறையில் ஏறுவது போல. பியாட்ரிஸ் பலமுறை ஏறி வழுக்கியிருக்கிறாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் கம்பெனி குவார்ட்டர்ஸ் கட்டியது. வீட்டுக்குள்ளேயே குழாய்! அன்றிலிருந்து பியாட்ரிஸ் கனவிலும் குழாயைத்தான் கண்டாள். மூன்று நகல்களில் எழுதித் தரவேண்டிய விண்ணப்பத்தில் 'தற்போதைய வீட்டில் உள்ள கஷ்டங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. ரெமிஜியஸ் அதில் அழகான கையெழுத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வீடு கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் வெல்ஃபேர் ஆபீசர் வெங்கடசுப்ரமணியன் வீட்டைப் பார்க்க நேரிலேயே வந்தார். நல்ல மழை. கூரை ஒழுகி, தரையில் வைத்த குண்டானில் சொட்டிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் என்று பியாட்ரிஸ் உள்ளுக்குள் பூரித்தாள்.

"ரொம்ப ஒழுகறதே, ரெமிஜியஸ்?"

"அந்த ஒரு எடத்துலதான் சார். மத்த எடமெல்லாம் நல்லா காஞ்சிருக்கும். கட்டிலை அரை முழம் நகத்திட்டா போதும்."

ஆபீசர் காபி குடித்து, இவ்வளவு சந்தோஷமான வீட்டைத் தான் பார்த்ததே இல்லை என்று வாழ்த்திவிட்டுப் போனார். குவார்ட்டர்ஸ் அடுத்த வீட்டு ஆதிகேசவனுக்குப் போயிற்று.

"யோவ் ரெமி, ஒழுகாத என் வூட்டுக்கே நான் நாலு பக்கம் எழுதினேன். உனக்கு ஒழுகுற கூரை இருந்தும் புண்ணியமில்லையே!" என்றார் ஆதிகேசவன், வண்டியில் சாமான் ஏற்றியபடி.

மூன்றாம் வருஷமும் விண்ணப்பத் தாள் வந்தது. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த பியாட்ரிஸ் அதைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

"நீங்க திருப்தியா இருங்க, நான் வேணாங்கல. ஆனா தண்ணி சுமக்குற இடுப்பு என்னுது."

ரெமிஜியஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் குழாய்க்குப் போனார். வரிசையில் நின்ற பெண்களுக்குத் திருவிழாதான்.

"என்னாண்ணே, எங்கக்காவை எங்க ஒளிச்சு வெச்சிட்டீங்க?"

"கொடத்துக்கு வாய் எந்தப் பக்கம்னு தெரியுமாண்ணே?"

இடுப்பில் குடம் நிற்கவில்லை, தோளில் ஏற்றினார். பாதி தண்ணீர் ஞாயிற்றுக்கிழமைப் பேன்ட்டில் இறங்கியது. முதல் குடத்துக்குத் தோத்திரம் சொன்னார். நான்காவதில் தோத்திரம் நின்றது. ஏழாவதை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னும் நாலு இருக்குது," என்றாள் பியாட்ரிஸ், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

நாலையும் கொண்டுவந்தார். தனக்கு வந்ததைப் பொறுத்துக்கொள்வது வரம்தான். அவள் சுமப்பதையும் சேர்த்துத் தானே பொறுத்துக்கொண்டது என்ன வரம் என்று, தோளை நீவிக்கொண்டே யோசித்தார்.

அன்று சாயங்காலம் அந்தக் கட்டத்தை நிரப்பினார். பியாட்ரிஸ் வாங்கிப் படித்தாள்.

'குழாய் தெருக்கோடியில் இருக்கிறது. நாளுக்குப் பதினோரு குடம். பன்னிரண்டு வருஷமாக என் மனைவி சுமக்கிறாள். இதுவரை எழுதாமல் விட்டது என் தப்பு.'

இரண்டு முறை படித்தாள்.

"துவைக்கிற நாளுக்குப் பதினாறு," என்றாள். ரெமிஜியஸ் மூன்று நகல்களிலும் திருத்தினார்.

ஆபீசர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன ரெமிஜியஸ், போன வருஷம் ஆத்தை சொர்க்கம் மாதிரின்னா சொன்னேள்?"

"எனக்குச் சொர்க்கந்தான் சார். தண்ணி தூக்கறது அவ."

ஜூன் மாதம் சாவி வந்தது. புது வீட்டில் முதல் காலை, பியாட்ரிஸ் குழாயைத் திறந்தாள். வாளி நிரம்பி வழிந்தது. அவள் மூடவில்லை, கைகளைத் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டே நின்றாள். வீணாகிறதே என்று சொல்ல ரெமிஜியஸ் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பேசாமல் போய் இன்னொரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.