பட்டனை வைத்தது யார்

கொச்சியில் எங்கள் வீட்டு மாடியில் என் கணவர் ஆர்கேட் பெட்டி ஒன்று செய்தார். கேம் கடைகளில் நின்றபடி ஜாய்ஸ்டிக்கை ஆட்டி விளையாடுவார்களே, அதே மாதிரி ஆளுயரப் பெட்டி. மட்டாஞ்சேரியில் ஒரு தச்சரிடம் சொல்லி பிளைவுட்டில் அடித்து, இடப்பள்ளியில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரை அதற்குள் வைத்து, பின்பலகையைத் திருகி மூடிவிட்டார். மூடிய பிறகுதான் பவர் பட்டன் உள்ளே மாட்டிக்கொண்டது உறைத்தது. ஒவ்வொரு தடவையும் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பலகையைக் கழற்ற வேண்டியிருந்தது.

வெளியே ஒரு சுவிட்ச் வைக்கப் போகிறேன் என்று உட்கார்ந்தார். விளக்குக்குப் போடும் சாதாரண சுவிட்ச். போட்டதும் கம்ப்யூட்டர் ஓடியது, நாலைந்து நொடியில் அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் இதுதான்.

"போர்டு போயி. இனி குப்பையில்தான் போடணும்" என்றார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "போர்டு நல்லாத்தான் இருக்கு. அந்த சுவிட்ச் போட்டா போட்டபடியே நிக்குது. பட்டனை விடாம அமுக்கிட்டே இருந்தா கம்ப்யூட்டர் அணைஞ்சிடும்ல? தொட்டுட்டு விடற பட்டன் வேணும்" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

திருநெல்வேலியில் மூன்று வருடம் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் நான். கல்யாணப் பேச்சில் அதைச் சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டார்கள்.

பெட்டியில் விளையாட வாங்கிய பட்டன்களில் சிவப்பு ஒன்று மிச்சம் இருந்தது, அமுக்கி விட்டால் எழும்பிவிடும் வகை. போர்டில் பவர் பட்டனுக்கென்று உள்ள இரண்டு பின்களைக் கண்டுபிடித்து, திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டுக் காட்டினேன். கம்ப்யூட்டர் ஓடியது, அணையவில்லை. பழைய ஒயரை நீட்டி, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டுப் பட்டனை இறுக்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு ஈயப் புகையை முகர்ந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டேன். பள்ளுருத்தியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஆள் கேட்டு எழுதிப்போட்டிருந்தார்கள். கணவரிடம் முன்பே ஒருமுறை கேட்டபோது, "எட்டு வருஷமாச்சு, எல்லாம் மறந்திருக்கும்" என்றிருந்தார்.

"மறக்கலைன்னு இப்பப் பாத்தீங்கல்ல? நான் போகட்டா?"

ஜாய்ஸ்டிக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "ஒரு பட்டன் மாட்டினதுக்கா?"

அடுத்த வாரம் அவருடைய நண்பர், கூட்டுக்காரர் ஒருவர் சாயா குடிக்க வந்தார். பட்டனை இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்து மெச்சி, "கொள்ளாமே! இது ஆரு செய்தது, அளியா?" என்று கேட்டார்.

"வேறாரு? ஞான் தன்னே" என்றார் என் கணவர். "ரெண்டு ராத்திரி உறக்கமில்லை. போர்டைப் படிச்சு எடுக்கணும், அதுதான் பாடு."

நான் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். என்னைப் பார்த்தார், பிறகு பிஸ்கட்டை எடுத்தார். நான் செய்தால் ஒரு பட்டன், அவர் செய்தால் ரெண்டு ராத்திரி. தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். மாமியார் இருந்தார், வந்தவர் இருந்தார், உண்மையைச் சொன்னால் மானம் போகும் என்று நினைத்தேன். யாருடைய மானம் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தக் கூட்டுக்காரர் தன் வீட்டுக்கும் ஒரு பெட்டி செய்தார். என் கணவர் அவருடைய போர்டையும் ஒயரையும் ஒரு பையில் கொண்டுவந்து அடுக்களை மேடையில் வைத்தார்.

"இதிலயும் ஒண்ணு வச்சுக் கொடு. நாளைக்கு எடுத்துட்டுப் போகணும்."

"செஞ்சவரைச் செய்யச் சொல்லுங்க."

"எந்தா?"

"அவர்கிட்ட யார் செஞ்சதா சொன்னீங்களோ, அவரே செய்யட்டும்."

அவர் முகம் சிவந்தது. "இதுக்குப் போய் இவ்வளவு ஆங்காரமா?" என்று கேட்டார். கூடத்திலிருந்து மாமியார், "படிச்ச பொண்ணுன்னா இப்படித்தான்" என்றார். பையை எடுத்துக்கொண்டு இடப்பள்ளிக்கே போய், ஒரு கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கினார். கூட்டுக்காரரிடம் அதையும் தானே செய்ததாகத்தான் சொன்னார்.

பத்து நாள் என்னிடம் பேசவில்லை. பதினோராம் நாள், சட்டையைத் தேய்க்கச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். தேய்த்துக் கொடுத்தேன். பள்ளுருத்திக் கடையில் அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.