நான் இல்லாத நேரத்தில் யார் பார்ப்பது

எங்கள் தனியார் ஆஸ்பத்திரியின் கோப்பு அறையில் இரண்டு பேர் இருந்தோம். நானும், கிண்ணியாவிலிருந்து வரும், நான் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனும். வெள்ளி மதியம் அவர் ஜும்மாத் தொழுகைக்குப் போவார். அவர் வேலையையும் நான் பார்ப்பேன். வெருகல் கோயில் திருவிழாவுக்கு நான் போனால் என் வேலையை அவர் பார்ப்பார். பதினான்கு வருடங்களாக இதை ஒருவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிறகு கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஆளுக்கொரு படிவம் வந்தது. நிர்வாகப் பிரிவில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. படிவத்தில் அது இல்லை. ஏழாவது கேள்வி: நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் வேலையை யார் செய்கிறார், எப்படி?

நானாவின் வேலை போகக் கூடாது என்று நினைத்தேன். பேனையை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கோப்பு இலக்கத்தை மறந்த நோயாளி வாசலில் நடந்து வருவதைப் பார்த்தே நானா கோப்பை எடுத்துவிடுவார் என்று எழுதினேன். இடம் போதாமல் தாள் இணைத்தேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் மூன்று நாளாகச் சும்மா நின்றது. அதற்கு ஒருவரும் படிவம் கொடுக்கவில்லை.

வேலைநீக்கக் கடிதம் எனக்கு வந்தது. என் பணிகளை மற்ற ஊழியர் சிறப்பாகச் செய்வார் என்பதற்கு என் எழுத்தையே ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். நாற்பத்தொன்பது வயதில் இந்தத் துறைமுகப் பக்கம் இன்னொரு கோப்பு அறை எனக்காகக் காத்திருக்கவில்லை.

நானா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"எவ்வளவு எழுதினீங்க தம்பி?"

"ரெண்டு பக்கம்."

"என்ட பொஞ்சாதி என்னப் பத்தி ரெண்டு வரி நல்லாச் சொன்னதில்ல."

"நீங்கள் என்னைப் பற்றி என்ன எழுதினனீங்கள்?"

"தம்பி நல்லாச் செய்வார். அவ்வளவுதான்." கண்ணாடியைக் கழற்றினார். "நான் போய்ச் சொல்றன், எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு."

"நம்பமாட்டினம் நானா. ரெண்டு பக்கம் இருக்கு."

மாத முடிவில் விலகினேன். அடுத்த வெள்ளி மதியம் வீட்டில் சும்மா இருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத பெண் குரல்.

"ஈச்சிலம்பற்றில இருந்து வந்தனான். இங்க கோப்பு அறை பூட்டிக் கிடக்கு. கதவில இந்த நம்பர் எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"நான் இல்லாத நேரத்தில் இவரைக் கேளுங்கள் எண்டு."

பெயரைக் கேட்டேன்.

"உங்கட கோப்பு மூன்றாம் தட்டு, இடப்பக்கம். ஒன்றரைக்கு நானா வருவார், அவரிட்டச் சொல்லுங்கோ," என்றேன்.