ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே இரண்டாவது லைனில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவர் ராமாத்தாள். வயது நாற்பத்தெட்டு. பனியனுக்குத் தோள் மூட்டுவதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. பீஸ் கெட்டு வந்தால் செக்கிங்கில் இருக்கிறவர்கள் மற்ற மெஷின்களை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர் பக்கம் வருவார்கள். வேலையில் இவ்வளவு சுத்தமான மனுஷி, ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வருடமாகக் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதம் ஒருமுறை டாக்டர் இளங்கோ கம்பெனிக்கு வந்து பிரஷர் பார்ப்பார். "மாத்திரை தினமும் போடறீங்களா?" என்று கேட்பார். "போடறனுங்க" என்பார் ராமாத்தாள். எங்கே போட்டார்? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான்.

சோம்பேறித்தனம் என்று யாரும் சட்டென்று வாயைத் திறந்துவிட வேண்டாம். அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். இருபத்திரண்டு பேர் உட்காரும் லைனுக்கு, பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் அவர் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். ஒரே ஆள் மூன்று தடவை எழுந்தால் மேனேஜர் தங்கதுரை கடிகாரத்தைப் பார்ப்பார். ராமாத்தாள் எழுந்தாலோ, அவரிடமிருந்து பீஸ் வராமல் அடுத்த நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே வேலை நாளில் மாத்திரை இல்லை. அந்த லைனில் பிரஷர் உள்ள பெண்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் இதே வழக்கம்தான். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. வலியா, காய்ச்சலா, ஒன்றும் இல்லையே என்கிற தைரியம். பிரஷர் பொல்லாத வியாதி. ரத்தக் குழாயை உள்ளே கெடுத்துக்கொண்டே வெளியே ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்.

டாக்டர் என்ன செய்வார், பாவம். தினமும் போட்டும் நூற்றெழுபதுக்குக் கீழே இறங்கவில்லையே என்று முதலில் அளவைக் கூட்டினார். பிறகு இன்னொரு மாத்திரை சேர்த்தார். அதையும் கூட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராமாத்தாள் அன்றைய மாத்திரை எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிவிட்டு ஊத்துக்குளிக்கு வெண்ணெய் வாங்கப் போனார். கடைப் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட வந்த அன்புசெல்வி தாங்கிப் பிடித்திராவிட்டால் மண்டை உடைந்திருக்கும். அன்புசெல்வி அதே லைனில் தைக்கிறவள், அந்த ஆறு பேரில் ஒருத்தி.

"இந்த மாத்திரையே உங்களுக்கு ஆகாதுங்க்கா. நிறுத்திப் போடுங்க" என்றாள்.

வேறொருவராக இருந்தால் நிறுத்தியிருப்பார். ராமாத்தாள் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். தையலில் கோளாறு வந்தால் நூலைத் திட்டிப் பயனில்லை, எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அது அவர் முப்பது வருடப் பழக்கம். கண் இருட்டியது ஏன்? மாத்திரை அதிகம். அதிகமானது ஏன்? பிரஷர் இறங்கவில்லை. இறங்காதது ஏன்? ஒழுங்காகப் போடவில்லை. கடைசியில் அவருடைய பொய்யில்தான் போய் நின்றது.

"டாக்டர் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. நாம சொன்ன பொய்யைக் கேட்டுட்டுத்தான் அவரு கூட்டிக்கூட்டி எழுதறாரு."

"அதுக்காக மேனேஜர் முன்னால போயி இதையெல்லாம் எப்படீங்க்கா சொல்றது? வேற ஆளைப் போட்டுக்குவாங்க."

பயம் நியாயமானதுதான். வேலை கேட்டு வாசலில் தினமும் ஆள் நிற்கிறது. ராமாத்தாள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

மூன்றாம் நாள் கேன்டீனில் அந்த மாதத்துப் பிரஷர் கேம்ப். டாக்டருக்குப் பக்கத்திலேயே தங்கதுரை நின்றார். முதல் ஆள் ராமாத்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். நூற்றெழுபத்தெட்டு.

"தினமும் போடறீங்களா?" என்று கேட்கும்போதே டாக்டர் அடுத்த மாத்திரையை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

ஆண்கள் முன்னால் ராமாத்தாள் அந்தப் பேச்சைப் பேசியதே இல்லை.

"இல்லீங்க. ஞாயித்துக்கெழம மட்டுந்தானுங்க. வேலை நாள்ல போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்க. லைனுக்கு ஒரே டோக்கனுங்க. ரெண்டு வருசமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேனுங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க்கா, இதையெல்லாம் இங்க வெச்சா பேசறது?" என்றார் தங்கதுரை. முகம் சிவந்துவிட்டது.

"மாத்திரை எழுதறது இங்க, நான் அடக்கிட்டு உக்கார்றதும் இங்கதானுங்களே. வேற எங்க போயிப் பேசறதுங்க?"

அந்தப் பெண்பிள்ளையின் துணிச்சலுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். வேலை போனாலும் போகட்டும், உயிர் போகக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. அடிக்கடி எந்திரிக்க வைக்காத மாத்திரையும் இருக்குது. முன்னமே தெரிஞ்சிருந்தா அதையே கொடுத்திருப்பேன். பழசை எல்லாம் நிறுத்திட்டு அதை மட்டும் தினமும் போடுங்க. ஒரு வாரத்துல மறுபடி பார்க்கலாம். ஊறுகாய், அப்பளத்தைக் குறைங்க. ஒத்துக்கலைன்னா நீங்களா நிறுத்தாம எனக்குச் சொல்லுங்க, என்ன?"

"சரிங்க."

அடுத்து அன்புசெல்வி உட்கார்ந்தாள். டாக்டர் அவளுடைய பழைய சீட்டைப் புரட்டினார். அதிலும் இரண்டு மாத்திரை, இரண்டும் கூட்டியிருந்தது.

"நீங்க தினமும் போடறீங்களாம்மா?"

அன்புசெல்வி தங்கதுரையைப் பார்த்தாள். பிறகு ராமாத்தாளைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

வரிசையில் நின்ற மற்ற நான்கு பேரும் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. நானும் இல்லீங்க, நானும் இல்லீங்க என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார்கள். ஒருத்தியை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போடலாம். ஆறு பேரை அனுப்பினால் லைனே நின்றுபோகும். தங்கதுரைக்கு அது தெரியாதா?

"இனிமே லைன்ல டோக்கனே வேண்டாமுங்க டாக்டர், எடுத்தர்றனுங்க" என்றார் மெதுவாக.

டாக்டர் ஆறு பேருடைய பழைய சீட்டுகளையும் வாங்கிக் குறுக்கே கோடு போட்டுவிட்டு, புதிதாக எழுத ஆரம்பித்தார்.