பக்கத்துத் தட்டு முட்டை

என் நாட்குறிப்பில் ஒரு புதன்கிழமைக்கு எதிரே, "மாரியப்பன் முட்டையுடன் நன்றாகச் சாப்பிட்டார்" என்று எழுதியிருக்கிறேன். அது பொய்.

திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் நாங்கள் தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தில், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று அந்த நாட்குறிப்பில் குறித்துத் தரும் வேலையை நானே கேட்டு வாங்கியிருந்தேன். மாரியப்பனுக்கு நினைவு தப்பிவிட்டது. பக்கத்தில் உட்காரும் தங்கராசு தினமும் அவர் தட்டிலிருந்து தொட்டுக்கொள்ள வைக்கும் வெஞ்சனத்தை வழித்துக்கொள்வார். மாரியப்பன் தடுத்தால் மேசைக்கடியில் அவர் காலை மிதிப்பார். "இப்பத்தான தின்ன அப்பு, மறந்துட்டியா?" என்று சிரிப்பார். அந்தப் புதன்கிழமை, பிடுங்கிய முட்டையில் பாதியை என் தட்டில் போட்டார். நானும் தின்றேன்.

மறுவாரம் மாரியப்பனின் வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டபடியே நர்ஸ் கேட்டார்: "நல்லாச் சாப்பிடுறாருன்னுதான எழுதுறீங்க? பிறகு ஏன் இம்புட்டு மெலியிறாரு?"

மாரியப்பனின் கட்டைவிரல் நகம் மிதிபட்டுக் கறுத்திருந்தது. அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து நர்ஸிடம் நீட்டினேன்.

"நான் எழுதுனது பொய்ம்மா" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே மாரியப்பனை வேறு மேசைக்கு மாற்றினார்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு பணியாளர் அருகில் உட்காருகிறார்.

மாரியப்பனுக்கு முன்பு தங்கராசின் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், யாரிடமும் சொல்லாமல் இல்லத்தைவிட்டுப் போய்விட்டார். அதற்கும் தங்கராசுதான் காரணமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அப்படிப் போனவரைப் பற்றிய என் குறிப்புகளை இப்போது நானே நம்புவதில்லை.