அறுக்காத பாவு

புரட்டாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலையில் பட்டு முதலாளி சேவூரில் என் தங்கை வீட்டுக்கு வந்தார். ஊரில் நடப்பதைத் தேதி போட்டுக் குறித்துவைப்பது என் வழக்கம். இந்தத் தேதியைக் குறிக்கத் தேவையே இருக்கவில்லை.

பட்டும் சரிகையும் அவருடையவை. தறி தங்கையுடையது. அன்று தறியில் பாதி முடிந்திருந்தது அவர் மகனின் கல்யாணத்துக்கான முகூர்த்தச் சேலை. தங்கைக்கு எச்ஐவி இருப்பதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். இதை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சேலைக்குப் பாவு நூல் கேட்டு வரக்கூடாது என்றார். அறுந்த இழையை நாக்கில் ஈரம் தொட்டுத்தானே முறுக்குகிறாள், அந்த எச்சில் பட்ட பட்டை யார் உடுத்துவார்கள் என்றும் கேட்டார். கணவர் போன பிறகு அவளுக்கு அந்தத் தறியை விட்டால் பிழைப்பு கிடையாது.

கல்யாணத்துக்காக அமெரிக்காவிலிருந்து வந்து அவர் கூடவே வந்திருந்த அந்த மகன் வாசலில் நின்றபடி எனக்குப் பாடம் நடத்தினான். இன்சூரன்ஸ் இல்லாதவன் அங்கே இந்த மாத்திரைக்கு வீட்டையே விற்க வேண்டுமாம். இங்கே எங்கள் வரிப்பணத்தில் சும்மா கிடைக்கிறதே, அந்த நன்றி வேண்டாமா என்றான். நீ வரி கட்டுவது எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

நாடுகளைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். தங்கையின் கணவர் வளைகுடாவில் கொத்தனாராக இருந்தார். விசாவைப் புதுப்பிக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்ததும் அங்கே மாத்திரை தரவில்லை, திரும்பிப் போக டிக்கெட் தந்தார்கள். நம் நாட்டுக் கம்பெனிகள் செய்யும் மாத்திரைதான் கப்பலேறி ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேரைக் காப்பாற்றுகிறது. அதை வாங்க என் தங்கை உள்ளூர்க்காரர் கண்ணில் படாமல் கண்ணமங்கலம் தாண்டி வேலூருக்குப் பஸ் ஏறுகிறாள்.

எச்சிலில் இது பரவாது என்று நான் தொடங்கினேன். தங்கை கையமர்த்தினாள்.

"யாருங்க சொன்னது உங்களுக்கு?"

"என் மச்சான் பாத்தாரு. வேலூர்ல அந்த மாத்திர வாங்குற வரிசைல நின்னுகினு இருந்தியாம்."

"அவரு எதுக்குங்க அந்த வரிசைல நின்னுகினு இருந்தாரு?"

மகன் சிரித்துவிட்டான். முதலாளியின் முகம் கறுத்தது.

தங்கை எழுந்து கத்தரிக்கோலைப் பாவின் மேல் வைத்தாள்.

"என் எச்சி ஆகாதுன்னா இந்தப் பாதிலயும் அதாங்க கீது. அறுத்து எடுத்துகினு போங்க."

முகூர்த்தச் சேலையைத் தறியில் பாதியில் அறுத்தால் அந்தக் கல்யாணமே விளங்காது என்பது எங்கள் நெசவுக்காரர்களின் நம்பிக்கை. அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"அடுத்த பாவு வூட்டுக்கு வந்தாத்தான் இதுல நாடா ஓடும்" என்று ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தறியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் மூலம் பாவு வந்தது. கல்யாணச் சேலையை யார் நெய்தது என்று வெளியில் மூச்சுவிடக் கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. ஐப்பசியில் நடந்த கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை இல்லை. மணப்பெண் அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தாள் என்று கேள்வி.

கார்த்திகையில் தங்கை வேலூர் போய்த் திரும்பினாள். வரிசையில் முதலாளியின் மச்சானைக் காணவில்லையாம். போன மாதமும் வரவில்லையென்று மாத்திரை கொடுக்கும் பெண்ணே அவர் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாளாம். தான் அன்று அப்படிக் கேட்டதால் வேறெங்காவது வாங்குகிறாரோ, வாங்காமலே இருக்கிறாரோ என்றாள். பிறகு தறியில் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் நாடா ஓடும் சத்தம் கேட்கவில்லை.